வான்கோழிக்குப் புகை போட எந்தக் கட்டை?

கேள்வி: அக்டோபர் 12, மாலை 6:30

கரி போட்டு எரிக்கும் ஸ்மோக்கர் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. ஆறு கிலோ வான்கோழியை முழுதாகப் புகையில் வேகவைக்க ஆசை. ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி, மெஸ்கீட் என்று நாலு வகைக் கட்டை கிடைக்கிறது. மாட்டிறைச்சிக்கு ஹிக்கரி போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன், அருமையாக இருந்தது. அதையே வான்கோழிக்கும் போட்டால் என்ன? ஹிக்கரி இல்லாத புகை புகையே இல்லை என்கிறான் நண்பன்.

அக்டோபர் 12, இரவு 9:10

போடலாம், ஆனால் முதல் தடவையே வேண்டாம். செர்ரியும் ஆப்பிளும் எடுங்கள். ஹிக்கரி ஆசை அடங்கவில்லை என்றால் அதில் ஒரே ஒரு துண்டு. மெஸ்கீட் பையைத் தொடவே வேண்டாம்.

மாட்டு நெஞ்சுக்கறியில் கொழுப்பு உண்டு, நல்ல சிவப்பு உண்டு, கறிக்கென்றே பலமான வாசமும் உண்டு. ஹிக்கரி அதோடு மல்லுக்கட்டலாம். வான்கோழி நெஞ்சில் இதெல்லாம் கிடையாது. வெள்ளைக் கறி, கொழுப்பு கொஞ்சம், வாசம் அதைவிடக் கொஞ்சம். மேலே எது ஏறுகிறதோ அதுதான் ருசி. போதாததற்கு வயிறு வேறு காலி. வெளியிலிருந்தும் புகை ஏறும், உள்ளிருந்தும் ஏறும். தொடைக்கறி மட்டும் என்றால் என் பதில் வேறு. தொடை தாங்கும்.

அக்டோபர் 12, இரவு 9:25

அளவையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பையைக் கவிழ்த்துவிடுவீர்கள். உள்ளங்கையில் அடங்கும் துண்டுகள் மூன்று, மிஞ்சினால் நாலு. முழு வான்கோழிக்கும் அவ்வளவுதான். சூடு கொடுப்பது கரியின் வேலை, கட்டை வாசத்துக்கு மட்டும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அது எரிந்து தீர்ந்தால் போதும், அப்புறம் வெறும் கரியிலேயே வேகட்டும். புகையும் உப்பு மாதிரிதான். குறைந்தால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம், கூடினால் எடுக்க வழியில்லை.

அக்டோபர் 13, காலை 7:05

"மெஸ்கீட்தான் ராஜா, பயப்படுகிறவர்கள் ஆப்பிள் போடட்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ராஜாதான். எந்த ஊருக்கு ராஜா என்பதுதான் கேள்வி. மெஸ்கீட் நம்முடைய சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். அடர்த்தியான கட்டை, சூடு அதிகம், புகையும் காட்டமானது. வறண்ட தென்மேற்கு அமெரிக்காவில் தானாக முளைத்துக் கிடக்கும் மரம் என்பதால் அந்தப் பக்கத்தில் அதையே எரித்துப் பழகினார்கள். மெல்லிய மாட்டுக்கறித் துண்டைத் தணல் மேல் போட்டுப் பத்து நிமிடத்தில் எடுப்பதற்கு அதுபோல் வேறில்லை. அத்தனை சீக்கிரத்தில் எவ்வளவு புகைதான் ஏறிவிடும்? வான்கோழி மணிக்கணக்கில் உள்ளே கிடக்கும்.

ஒரு விருந்தில் மெஸ்கீட் வான்கோழி சாப்பிட்டிருக்கிறேன். பார்க்க அழகு, தோல் கறுத்து மின்னியது. இரண்டாவது வாயில் நாக்கு நுனி மரத்துப்போனது. எல்லோரும் தோலை உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

அக்டோபர் 13, மதியம் 1:40

"மரத்துக்கு மரம் அப்படி என்ன வித்தியாசம்? எல்லாம் மரம்தானே?" நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

மரம் என்பது பெரும்பாலும் மூன்று பொருள்கள்: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். முதல் இரண்டும் சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்தவை. அவை சூட்டில் சிதைந்தால் இனிப்பு கருகிய வாசம் வரும், கறித்தோலுக்குப் பழுப்பு நிறம் ஏறும், கூடவே அசிட்டிக் அமிலமும் கொஞ்சம் வரும். புகை மூக்கில் சுள்ளென்று புளிப்பாக ஏறுவது இந்த அமிலத்தால்தான். லிக்னின் இன்னொரு வகை. மரத்துக்கு விறைப்பு கொடுப்பது அது. அது சிதையும்போது குவையகால், சிரிங்கால் என்ற சேர்மங்கள் பிறக்கின்றன. நாம் புகை ருசி என்று சொல்வது பெரும்பாலும் குவையகால், புகை மணம் என்று சொல்வது பெரும்பாலும் சிரிங்கால்.

இந்த மூன்றும் எல்லா மரத்திலும் உண்டு, விகிதம்தான் மாறும். மெஸ்கீட், ஹிக்கரி காட்டமான பக்கம். ஓக் நடுவில். பிக்கான் என்பது ஹிக்கரியின் இனத்திலேயே ஒன்று, ஆனால் புகையில் அண்ணனைவிடச் சாது. மேப்பிள், ஆப்பிள், செர்ரி, பீச், ஆல்டர் எல்லாம் மென்மையான பக்கம். ஆல்டர் மிகவும் மெல்லியது, சால்மன் மீனுக்கு அதைப் போடுவதும் அதனால்தான். வான்கோழிக்கு ஆல்டர் போட்டால் கெடாது, ஆனால் புகை போட்டீர்களா என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

அக்டோபர் 13, மதியம் 1:52

ஆப்பிள் கட்டையில் ஆப்பிள் பழ வாசம் வருமா என்று தனியாகக் கேட்டவருக்கு: வராது. பழத்தின் வாசம் பழத்தோடு சரி.

அக்டோபர் 14, இரவு 10:15

இரண்டு நாளாக மரத்தின் பெயரையே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. நல்ல ஆப்பிள் கட்டையை மோசமாக எரித்தால் வரும் புகை, ஹிக்கரியை ஒழுங்காக எரித்தால் வரும் புகையைவிடக் கசக்கும். பெயர் இரண்டாம்பட்சம், எரியும் விதம்தான் முதல்.

ஒழுங்காக எரிகிறதா என்று எப்படித் தெரியும்? புகைபோக்கியின் வாயைப் பாருங்கள். கட்டை போட்ட உடனே வெள்ளையாக, கெட்டியாக, பஞ்சு பஞ்சாகக் குபுகுபுவென்று வரும். அது நல்ல புகை இல்லை. மரத்தின் ஈரமும், பாதி எரிந்த பொருள்களும் சேர்ந்து வெளியேறுகின்றன. ஐந்து, பத்து நிமிடம் பொறுத்தால் வெள்ளை மெலியும். அப்புறம் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி லேசான நீலப் புகை வரும். சில சமயம் புகையே தெரியாது, புகைபோக்கிக்கு மேலே காற்று நெளிவது மட்டும் தெரியும். உள்ளங்கையால் அந்தக் காற்றை மூக்குப் பக்கம் தள்ளி முகர்ந்து பாருங்கள். இனிப்பாக, இழுத்து முகரத் தோன்றினால் வான்கோழியை உள்ளே வைக்கலாம். கண் கரித்தால், தொண்டை கமறினால், அந்தக் கமறல்தான் நாளைக்குக் கறியில் இருக்கும்.

கெட்ட புகைக்கு முக்கியக் காரணம் காற்று போதாததுதான். சூடு ஏறிவிட்டதே என்று பயந்து காற்றுத்துளையை அடைத்தால் கட்டை எரியாமல் புழுங்கும். புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றி, தாரைப் போல ஒட்டும் கறுப்புப் படலமாகத் தோலில் படியும். மேல்துளை எப்போதும் திறந்தே இருக்கட்டும். சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் கீழ்த்துளையைக் கொஞ்சமாக மூடுங்கள், அல்லது தொடக்கத்திலேயே கரியைக் குறைத்துப் போடுங்கள்.

அக்டோபர் 15, காலை 6:50

கட்டையைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டுமா? வேண்டாம். பையிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறது என்கிறீர்கள். ராத்திரி முழுக்க ஊறவைத்த கட்டையை எடுத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள். ஓரத்தில் ஒரு கோடு மட்டும் நனைந்திருக்கும், உள்ளே அப்படியே உலர்ந்திருக்கும். அந்த ஓரத்து ஈரம் ஆவியாகும்வரை கட்டை 100 டிகிரியைத் தாண்டாது. நமக்கு வேண்டிய புகைக்கு மரம் 300, 400 டிகிரியில் சிதைய வேண்டும். ஊறவைத்தால் கிடைப்பது நீராவி, தாமதம், தணிந்துபோன கரி. வெள்ளையாக நிறைய வருகிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் பார்ப்பதில் பாதி ஆவிதான்.

அக்டோபர் 15, காலை 7:20

ஈரம் என்றதும் நினைவுக்கு வந்தது. பச்சை மரம் வேறு, ஊறவைத்த மரம் வேறு. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவுகூடத் தண்ணீர் இருக்கும். அது மரத்துக்குள்ளேயே இருப்பது, எரிந்து முடிகிறவரை விடாது. காய்ந்த விறகில் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் ஆப்பிள் மரத்தைக் கவாத்து செய்த ஒருவர் கிளைகளை எனக்குக் கொடுத்தார். குட்டையாக அறுத்து, பிளந்து, மழை படாத இடத்தில் காற்றாட அடுக்கி வைத்தேன். புதிதில் வெட்டுமுகம் வழவழவென்று, வெளிர் நிறத்தில், தொட்டால் சில்லென்று இருந்தது. ஒரு வருடம் போனபின் அதே முகத்தில் நடுவிலிருந்து ஓரம்வரை நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விட்டிருந்தது, பட்டை விரலால் நெம்பினாலே கழன்றது. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் முன்பு 'தொப்' என்றது 'டக்'கென்று கேட்டது. அந்தச் சத்தம் வந்தால் எரிக்கலாம். ஈரம் அளக்கும் கருவியும் கிடைக்கிறது, வேண்டுகிறவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டையை உரிக்க வேண்டுமா என்றால், சுத்தமாக இருந்தால் இருக்கட்டும். பாசியோ பூஞ்சையோ பிடித்திருந்தால் உரித்து எறியுங்கள். கட்டைக்குள்ளேயே பூஞ்சை இறங்கியிருந்தால் கட்டையையே எறியுங்கள்.

அக்டோபர் 16, இரவு 8:30

பெல்லட் அடுப்பு வைத்திருப்பவர் ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். ஆப்பிள் பெல்லட் போட்டும் புகை வாசமே வரவில்லையாம், நான் சொன்னதெல்லாம் வீணாம். சண்டை நியாயமானது. நான் இதுவரை சொன்ன கணக்கு கரி அடுப்புக்கானது. பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சி. அதை விசிறி வைத்துக் காற்றடித்து எரிக்கிறார்கள். எரிப்பு சுத்தமாக இருக்கும், புகை மிகக் குறைவு. தவிர, ஆப்பிள் என்று பெயர் போட்ட பல பைகளில் அடிப்படை ஓக் அல்லது ஆல்டர்தான், ஆப்பிள் ஒரு பங்கு. பையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். உங்களுக்கு ஹிக்கரி பயமே வேண்டாம், தாராளமாகப் போடுங்கள். சூடு குறைவாக இருக்கும்போதுதான் அந்த அடுப்பு அதிகம் புகைக்கும். அதனால் முதல் ஒரு மணி நேரம் 110 டிகிரியில் வைத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

மூடியுள்ள கேஸ் கிரில் வைத்திருப்பவர்கள் மரச் சில்லுகளை அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டி, மேலே ஓட்டை குத்தி, எரிகிற பக்கத்தில் வையுங்கள். கரியே இல்லாமல் முழு விறகில் வேகவைப்பவர்கள் ஓக்கை அடிப்படையாக வைத்துக்கொண்டு, நடுநடுவே செர்ரி போடலாம். அங்கே விறகுதான் அடுப்பே. சின்னதாக, சுவாலையோடு, சுறுசுறுப்பாக எரிய வேண்டும்.

அக்டோபர் 17, காலை 11:00

பைன் ஏன் கூடாது? பிசின். பைன், ஃபர், ஸ்புரூஸ், சீடர் எல்லாம் பிசின் மரங்கள். எரித்தால் கரும்புகையும் கசப்பும் வரும். சிலருக்கு வயிற்றையும் பிரட்டும்.

அக்டோபர் 17, மாலை 4:35

எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. "ஜெர்மனியின் கருங்காட்டு ஹாம் என்ற பன்றித்தொடைக்கறி ஃபர் மரப் புகையில்தானே ஆகிறது? சீனாவின் லாப்சாங் சூச்சாங் தேயிலை பைன் புகையில்தானே காய்கிறது?" ஆமாம், இரண்டும் உண்மை. ஆனால் அந்த ஹாம் உப்பில் ஊறி, குளிர்ந்த புகையில் வாரக்கணக்கில் தொங்குவது. சீவினால் தாள் கனம், ஒரு வேளைக்கு நாலு சீவல். தேயிலையைக் கொதிநீரில் போட்டு வடிகட்டிவிட்டு இலையைக் கொட்டிவிடுகிறோம். வான்கோழியைத் தட்டு நிறைய வைத்து அப்படியே சாப்பிடுகிறோம். சீடர் பலகையில் மீனை வைத்துச் சுடுவதும் வேறு விஷயம், அங்கே பலகை சூடாகிறதே தவிரப் பற்றி எரிவதில்லை.

அக்டோபர் 17, மாலை 4:50

இது விளையாட்டில்லை. அரளிக் கட்டையை எந்தக் காரணத்துக்கும் எரிக்காதீர்கள், அது நஞ்சு. யூ மரமும் அப்படித்தான். வண்ணம் பூசிய பலகை, பிளைவுட், பழைய மேசை நாற்காலி, வேலிக்கு மருந்தேற்றிய மரம் எதுவும் அடுப்பு பக்கமே வரக்கூடாது. மருந்தேற்றிய பழைய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளில் 'எம்பி' (MB) என்ற முத்திரை இருந்தால் அது மெத்தில் புரோமைடு அடித்தது. 'எச்டி' (HT) என்றால் சூடாக்கிப் பதப்படுத்தியதுதான், ஆனாலும் அதன் மேல் எது கொட்டியது, எது ஒழுகியது என்று யாருக்குத் தெரியும். என்ன மரம் என்று பெயர் சொல்ல முடியாத கட்டை எதுவாக இருந்தாலும் அது குளிர்காய மட்டும்.

அக்டோபர் 18, இரவு 9:40

செர்ரியை ஏன் முதலில் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். நேர்மையாகச் சொன்னால் பாதி நிறத்துக்காக. ஆப்பிள் மட்டும் போட்டால் தோல் தேன் நிறத்தில் நிற்கும். செர்ரி சேர்ந்தால் செம்மரம் மாதிரி ஆழ்ந்த சிவப்புப் பழுப்பு வரும். முழு வான்கோழியை மேசையில் கொண்டுவந்து வைக்கும்போது கண்தான் முதலில் சாப்பிடுகிறது.

நிறம் வந்தால் போதாது, தோல் கடிபட வேண்டும். மாட்டிறைச்சிக்குச் சொல்லும் 110 டிகிரி மந்திரத்தை வான்கோழிக்கு ஓதாதீர்கள். அந்தச் சூட்டில் தோலின் கொழுப்பு சரியாக உருகாது, தோல் ரப்பராகிவிடும். நேரமும் இழுக்கும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கறி அதிக நேரம் கிடந்தால் கிருமி பெருகும். ஆறு கிலோ வரை சரி, அதற்கு மேல் பெரிதாக வாங்காதீர்கள். நான் 150, 160 டிகிரியில் வைக்கிறேன், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டு விரித்து வைத்தால் இன்னும் சீக்கிரம். ஆனால் சீக்கிரம் வெந்தால் புகை ஏறும் நேரமும் குறைவு. அப்படிச் செய்கிற நாளில் கூச்சப்படாமல் ஹிக்கரி ஒரு துண்டு சேர்க்கிறேன். மேலே 12ஆம் தேதி சொன்ன 'ஒரே ஒரு துண்டு' இங்கேதான் உதவும்.

முதல் நாள் இரவே உப்புத் தடவி, மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்துத் தோலை உலரவிடுங்கள். ஏற்கெனவே உப்புநீர் ஏற்றி விற்கும் வான்கோழி என்றால் மறுபடி உப்பு வேண்டாம்.

அக்டோபர் 19, காலை 8:15

"60 டிகிரிக்கு மேல் கறி புகையை வாங்காது" என்பதை எல்லோரும் வேதவாக்கு மாதிரிச் சொல்கிறார்கள். பாதிதான் சரி. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மையோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து தரும் சிவப்பு வளையம்தான் அந்தச் சூட்டுக்குமேல் வளராது. வாசம் ஏறுவது நிற்பதில்லை. மேற்பரப்பு குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்கும்போது அதிகமாக ஏறும், காய்ந்தபின் குறைவாக ஏறும்.

அதே வாயுக்கள்தான் வான்கோழித் தோலுக்கடியில் ரோஜா நிறத்தைக் கொடுக்கின்றன. பார்த்து, வேகவில்லை என்று மறுபடி அடுப்பில் போட்டு நாராக்கிவிடாதீர்கள். நிறத்தை நம்பவே வேண்டாம், தெர்மாமீட்டரை நம்புங்கள். நெஞ்சின் தடித்த இடத்தில் எலும்பில் படாமல் குத்தி 74 டிகிரி. தொடை 80 தாண்டினால் இன்னும் மிருதுவாக இருக்கும்.

அக்டோபர் 21, இரவு 10:30

"கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் ஒருவருக்கும் மரம் தெரியாது, எல்லாம் பை விற்கிறவர்கள் சொல்லும் கதை." இதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆப்பிளா, செர்ரியா, மேப்பிளா என்று நாக்கை வைத்துச் சொல்லச் சொன்னால் நான் பந்தயம் கட்டமாட்டேன். அவை மூன்றும் ஒரே தெரு. நல்லதாகக் காய்ந்தது எதுவோ, கைக்குக் கிடைப்பது எதுவோ, அதைப் போடுங்கள். ஆப்பிளா, ஹிக்கரியா என்றால் சொல்லிவிடுவேன். மெஸ்கீட் என்றால் கண்ணோடு சேர்த்து மூக்கையும் கட்டினாலும் தெரியும். அதனால் பை பையாகப் பத்து மரம் வாங்கி அடுக்கத் தேவையில்லை. சாதுவானது ஒன்று, காட்டமானது ஒன்று, வீட்டில் இருந்தால் போதும்.

அக்டோபர் 22, காலை 6:40

அடுப்புப் பக்கத்தில் நிற்பவர் "புகை போதவில்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள், அது நீங்களாகவே இருந்தாலும். மணிக்கணக்காக முகர்ந்த மூக்கு மரத்துப்போயிருக்கும். அப்போதுதான் உள்ளே வந்தவரிடம் ஒரு துண்டு கொடுத்துக் கேளுங்கள். அல்லது மறுநாள் மீந்ததைச் சாப்பிட்டுப் பாருங்கள், அதே கறியில் இவ்வளவு புகை எங்கிருந்தது என்று தோன்றும்.

ஜனவரி 9, மாலை 5:20

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். செர்ரி மூன்று, ஹிக்கரி ஒன்று போட்டாராம், தோலுக்குத்தான் அடிதடியாம். நண்பர் மட்டும் இன்னும் ஹிக்கரி பற்றாது என்கிறாராம். அவருக்குத் தொடையைக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது எலும்பைக் கொதிக்கவைத்துச் சாறு எடுக்கலாமா என்று கேட்கிறார். எடுக்கலாம், முழுவதும் புகை ஏறிய எலும்பாக வேண்டாம். பாதிக்குப் பாதி புகை படாத கோழி எலும்பு சேருங்கள், கறுத்த தோலை எடுத்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றும், புகை வற்றாது. சுண்டவைத்த பிறகு சாம்பல் வாசம் தூக்கினால் அப்படியே குடிக்க முடியாது, சின்னக் கிண்ணங்களில் ஊற்றி உறையவைத்து, பீன்ஸ் வேகும்போது ஒவ்வொன்றாகப் போடுங்கள்.